மொன்றியாலில் ஆங்கிலமே போதுமா?

கேள்வி

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து கனடாவின் மொன்றியாலுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. மென்பொருள் வேலை, வேலை அனுமதியில் இருக்கிறோம். அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலம்தான். கடையிலும் நான் வாயைத் திறந்தவுடன் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள், நல்லவேளை. மனைவி கணக்கர் வேலை தேடுகிறார். பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்தவர், ஆனால் இங்கே பேசுவது ஒன்றும் புரியவில்லை என்று சோர்ந்து போயிருக்கிறார். மகளுக்கு ஆறு வயது. எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதும் குழப்பம். பிரெஞ்சுக்காக இவ்வளவு பாடுபடத்தான் வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்

தம்பி, கடையில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள், நல்லவேளை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்துத்தான் எனக்குக் கவலை வந்தது. இந்த நகரத்தில் பிரெஞ்சு இல்லாமல் பத்து வருடம் ஓட்டிவிடலாம். ஓட்டியவள் நான். அதில் என்ன இழந்தேன் என்பதையும் கேளுங்கள்.

2010இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன். வீடு பார்க் எக்ஸ்டென்ஷனில். வேலை சபனெல் தெருப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில். மளிகைக் கடையில் தமிழ், தையல் மேசையில் அரைகுறை ஆங்கிலம், நல்ல நாளில் டொலார்-தே-ஓர்மோ முருகன் கோயில். பிரெஞ்சு எனக்கு பஸ்ஸில் காதில் விழும் சத்தம் மட்டும்தான். 2020 கோடையில், முதியோர் பராமரிப்பு இல்லங்களில் ஆள் போதாமல், 10,000 பேரைச் சம்பளத்துடன் பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கப்போவதாக நம் மாகாணமான கியூபெக்கின் அரசு அறிவித்தது. ஊரில் படுக்கையில் கிடந்த அம்மாவை ஐந்து வருடம் பார்த்தவள் நான். எனக்கென்றே வந்த வேலை என்று நினைத்தேன். நான் போன இடத்தில் நேர்காணல் பிரெஞ்சில் நடந்தது. இரண்டாவது கேள்வியில் நின்றுவிட்டேன். இந்த வேலையை ஏன் விரும்புகிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். மனம் நிறையப் பதில் இருந்தது. சொல்ல ஒரு சொல் வரவில்லை.

அந்த வாரமே வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன். இப்போது அதே போன்ற ஓர் இல்லத்தில் பராமரிப்புப் பணியாளராக, இங்கே சொல்லும் ‘பிரெப்போஸே’யாக, மூன்றாவது வருடம் வேலை செய்கிறேன். பத்து வருடம் முன்பே தொடங்கியிருக்கலாமே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, கடையில் ஆங்கிலத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். அவர்கள் உதவி என்று நினைத்துத்தான் மாறுகிறார்கள். நீங்கள் சிரித்தபடி, ‘ஒன் கொன்தினூ ஆன் ஃபிரான்சே, சில் வூ ப்ளே’ என்று சொல்லுங்கள். பிரெஞ்சிலேயே தொடர்வோம், தயவுசெய்து என்று பொருள். நான் நூற்றுக்கணக்கான முறை சொல்லியிருக்கிறேன். முகம் சுளித்தவர்கள் அரிது. பலர் அதற்குப் பிறகு மெதுவாகப் பேசுவார்கள், சொல் எடுத்துக் கொடுப்பார்கள். ரொட்டி வாங்கும் இரண்டு நிமிடம் உங்களுக்கு இலவச வகுப்பு.

உண்மையான வகுப்புகளும் இலவசம்தான். 2023 ஜூன் முதல் ‘ஃபிரான்சிசேஷன் கியூபெக்’ என்ற ஒரே வாசல் வழியாகப் பதிவு செய்யலாம். வேலை அனுமதியில் இருப்பவரும் சேரலாம். முழுநேரம், பகுதிநேரம், இணையவழி என்று வகைகள் இருக்கின்றன. 2024இல் பணம் போதாமல் பல இடங்களில் வகுப்புகள் மூடப்பட்டன, ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். ஆகவே இன்றே இருவர் பெயரையும் கொடுத்துவிட்டு, இடம் வரும்வரை சும்மா இருக்காதீர்கள். கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனம் நடத்தும் ‘மோரில்’ செயலிக்குக் காசு கிடையாது. இங்கத்துத் தொலைக்காட்சித் துண்டுகளைக் காட்டிப் பழக்கும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 2022இல் நிறைவேறிய 96ஆம் சட்டத்தின்படி, புதிதாகக் குடியேறியவருடன் மாகாண அரசு முதல் ஆறு மாதம்தான் வேறு மொழியில் தொடர்புகொள்ளலாம். மருத்துவம், பொதுப் பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் உண்டு. மற்றபடி கடிதம் பிரெஞ்சில்தான் வரும்.

உங்கள் மனைவிக்குச் சொல்லுங்கள்: தமிழ் தெரிந்த வாய்க்குப் பிரெஞ்சு எட்டாத மொழியே அல்ல. ஆங்கிலத்தின் ‘டேபிள்’ இங்கே ‘தாப்ல்’. அந்த எழுத்து நம்முடைய ‘த’தான்; நாக்கு பல்லைத் தொட வேண்டும். ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் ‘ப’, ‘த’, ‘க’ எல்லாவற்றிலும் மூச்சை ஊதிவிடுவார்கள். பிரெஞ்சில் ஊதக்கூடாது, தமிழிலும் ஊதுவதில்லை. என் வகுப்பு ஆசிரியர் இதைக் கவனித்துப் பாராட்டியபோதுதான் எனக்கே தெரியவந்தது.

சொற்கள் ஒட்டிக்கொள்வதும் நமக்குப் புதிதல்ல. பன்மைப் பெயருக்கு முன்னால் வரும் ‘லே’ என்பதும், நண்பர்கள் என்ற ‘அமி’ என்பதும் சேர்ந்தால் ‘லேஸாமி’ ஆகும். தனியாகச் சொல்லும்போது மறைந்திருக்கும் மெய், உயிரெழுத்து வந்ததும் தலைகாட்டும். மணி, அடி சேர்ந்து மணியடி ஆகும்போது இடையில் ஒரு ‘ய்’ வந்து உட்காருகிறதே, அதைக் கேட்டுப் பழகிய காது இது. நீ, நீங்கள் வேறுபாடும் அப்படியே: ‘த்யூ’, ‘வூ’. கியூபெக்கில் ‘த்யூ’வுக்குச் சீக்கிரம் வந்துவிடுவார்கள். ஆனாலும் என் இல்லத்து முதியவர்களிடம் நான் ‘வூ’ என்றே பேசுகிறேன். யாரும் சொல்லித்தரவில்லை, வேறு விதமாகப் பேச நம் நாக்கு வராது.

எண்களைக் கண்டு பயப்படுவார்கள். 97 என்பதை நான்கு இருபது, பத்து, ஏழு என்று அடுக்கிச் சொல்கிறார்களே என்று. நம் தொண்ணூறில் நூறு எப்படி வந்தது, தொள்ளாயிரத்தில் ஆயிரம் எப்படி வந்தது என்று நாம் நின்று யோசிப்பதில்லை. சொல்லிச் சொல்லித்தான் பழகினோம். கடை ரசீதில் உள்ள தொகைகளைத் தினமும் வாய்விட்டுப் படியுங்கள். தொலைபேசியில் எண் சொல்லும்போதுதான் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

நமக்கு உண்மையிலேயே கடினம் பால்தான். உயிரில்லாத பொருளெல்லாம் நமக்கு அஃறிணை. அவர்களுக்கு ஊசி பெண்பால், நூல் ஆண்பால். இதற்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒவ்வொரு பெயரையும் அதன் முன்னால் வரும் ஆண்பால் ‘லு’ அல்லது பெண்பால் ‘லா’வுடன் ஒரே சொல்லாக மனத்தில் போடுங்கள். நான் தையல் மேசையில் கையில் எடுத்த ஒவ்வொன்றையும் அப்படித்தான் மனப்பாடம் செய்தேன்.

தங்கைக்கு, உங்கள் மனைவிக்குத்தான், புரியாமல் போவது படிப்பின் குறையல்ல. பாடப்புத்தகம் பிரான்சின் பிரெஞ்சு. இங்கே ‘த்யூ’ என்பது ‘த்ஸ்யூ’ என்று விழும். ‘தினே’ என்றால் அங்கே இரவுச் சாப்பாடு, இங்கே மதியச் சாப்பாடு, இரவுக்கு ‘சூப்பே’. இது தெரியாமல் நான் ஒரு சந்திப்புக்கு ஏழு மணி நேரம் தாமதமாகப் போயிருக்கிறேன். காது பழக ஒரே வழி, தினமும் அரை மணி நேரம் உள்ளூர் வானொலி. முதல் மாதம் சத்தமாக இருக்கும். இரண்டாம் மாதம் வானிலை புரியும்.

மகளைப் பற்றி: கியூபெக்கில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிரெஞ்சுதான் விதி, 1977ஆம் ஆண்டின் 101ஆம் சட்டத்திலிருந்து. வேலை அனுமதியில் இருப்பவரின் பிள்ளைக்கு ஆங்கிலப் பள்ளிக்குத் தற்காலிக அனுமதி கிடைக்கும், அதிகபட்சம் மூன்று வருடம். அதற்குப் பிறகும் இங்கேயே இருந்தால் ஒன்பது வயதில் மொழி மாற வேண்டும். ஆறு வயதில் அவள் அழுதால் ஒரு மழைக்காலம் அழுவாள். ஒன்பதில் அப்படி இல்லை. புதிதாக வரும் பிள்ளைகளுக்கென்றே ‘கிளாஸ் தக்கேய்’ என்ற வகுப்பு இருக்கிறது. பிரெஞ்சுப் பள்ளியில் சேருங்கள். ஆனால் வீட்டுக்கு வரும் பள்ளிக் கடிதங்களை அவளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். என் மூத்தவனை வைத்தேன். எட்டு வயதில் மின்கட்டண பாக்கி பற்றி அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக என் வேலையிலிருந்து ஒன்று. மறதி நோய் வந்த பலருக்குப் பின்னால் கற்ற மொழிதான் முதலில் நழுவுகிறது. எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி, ஒரு காலத்தில் நன்றாக ஆங்கிலம் பேசியவராம். இப்போது பிரெஞ்சு மட்டும்தான். இரவில் பயந்து விழித்தால் கையைப் பிடித்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசுவேன். தூங்கிவிடுவார். அந்த ஐந்து நிமிடப் பேச்சுக்கு எனக்கு இரண்டு வருடப் படிப்பு வேண்டியிருந்தது.

இன்னொருவர் பதில்

அக்கா சொன்னதற்கு மேல் கணக்கர் வேலை பற்றி மட்டும். தொழிலின் முழு உரிமம் வேண்டுமென்றால், கியூபெக்கில் உள்ள 46 தொழில்முறை ஆணையங்கள் எதிலும் தொழிலுக்குப் போதுமான பிரெஞ்சைக் காட்ட வேண்டும். உரிமம் தேவையில்லாத கணக்கு உதவியாளர் வேலைக்கும் பில், சம்பளப் பட்டியல், வாடிக்கையாளர் தொலைபேசி எல்லாம் பிரெஞ்சில் வரும். 2025 ஜூன் முதல் 25 பேர் வேலை செய்யும் நிறுவனங்களும் பிரெஞ்சு மொழி அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டியிருப்பதால் சிறிய அலுவலகங்களிலும் இது கூடிவருகிறது. உங்கள் மனைவி பொதுப் பிரெஞ்சு முழுதும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தேபேஎஸ் 5 சதவீதம், தேவேகூ 9.975 சதவீதம் என்ற இரண்டு விற்பனை வரிகளில் தொடங்கி, ஒரு கணக்கருக்கு வேண்டிய இருநூறு சொற்களை முதலில் பிடிக்கச் சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்த தொழில் அது; சொல் மட்டும்தான் புதிது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பதிவு செய்துவிட்டோம். நேற்று தபால் அலுவலகத்தில் அக்கா சொன்ன வாக்கியத்தைச் சொன்னேன். அந்த அம்மா கடைசிவரை பிரெஞ்சிலேயே பேசினார். பார்சலை வாங்கிக்கொண்டு ‘மெர்சி’ என்றேன், ‘பியன்வெனூ’ என்றார். வரவேற்கிறோம் என்றுதானே பொருள்? போகும்போது ஏன் வரவேற்றார்?

பதில்

தம்பி, நன்றிக்கு இங்கே அப்படித்தான் பதில் சொல்வார்கள். பிரான்சில் சொல்ல மாட்டார்கள், பாடப்புத்தகத்திலும் இருக்காது. தங்கையிடம் சொல்லுங்கள். அடுத்த பார்சலை அவர் போய் வாங்கட்டும், நீங்கள் வெளியில் நில்லுங்கள்.