ஃபிராய்டின் ‘ஃபெர்நைனுங்’: தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களே, ஒரு கலைச்சொல் சிக்கல். உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃபிராய்டு 1925-இல் ஜெர்மனில் எழுதிய குறுங்கட்டுரையின் தலைப்பு ‘ஃபெர்நைனுங்’. ‘மறுப்பு’ என்று வைத்தால் தர்க்கத்தின் எதிர்மறை நிற்கிறது. கனவில் வந்தவள் தன் அம்மா இல்லை என்று நோயாளி முந்திக்கொண்டு சொல்வது நழுவிவிடுகிறது. ‘மறுதலிப்பு’ என்றாலோ, கண்ட உண்மையையே ஏற்க மறுப்பதற்கு ஃபிராய்டு வைத்த வேறொரு சொல்லான ‘ஃபெர்லாய்க்னுங்’குடன் மோதும்.

இதைவிடப் பெரிய தலைவலி, உள்ளே வரும் ‘ஆஃப்ஹேபுங்’. நனவிலிக்குள் ஒடுக்கப்பட்டது அறிவுக்கு எட்டுகிறது, ஆனால் ஏற்கப்படுவதில்லை. அந்த நிலைக்கு ஃபிராய்டு போட்ட சொல். ஜெர்மன் தத்துவவாதி ஹெகலைப் பிரெஞ்சில் பெயர்த்த ழான் இப்போலித், 1954 பிப்ரவரியில் பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கானின் கருத்தரங்கில் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஹெகலிடம் அது நீக்கல், காத்தல், உயர்த்தல் மூன்றும். வெறும் ‘நீக்கம்’ என்றால் இப்போலித்தின் வாதமே விழுந்துவிடும்.

ஹெகல், ஃபிராய்டு இருவருக்கும் பொருந்தும் ஒரே சொல்லை யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? முழு வாக்கியத்தோடு தாருங்கள். அகராதிப் பொருள் போதாது.