கோடைக்கு வாத்துத் தீவனமும் தண்ணீரும்: எவ்வளவு சேர்த்து வைக்க வேண்டும்? (எருத்தேம்பதி, சித்தூர் தாலுகா)

எருத்தேம்பதி தோப்புவீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டி. நானும் மாமியாரும் சேர்ந்து 200 வாத்து வளர்க்கிறோம். செப்டம்பரில் குஞ்சாக வாங்கியவை, நாட்டு வாத்துகள்தான். பொட்டை 160, ஆண் 40. இந்த மாதம்தான் முட்டை பிடிக்க ஆரம்பித்திருக்கின்றன, நாளுக்கு 60 வரை கிடைக்கிறது.

இப்போது கவலை இல்லை. நல்லேப்பிள்ளி, பெருமாட்டிப் பக்கம் இரண்டாம் போகம் அறுப்பு முடிந்த வயல்களில் மேய்கின்றன. மிஷின் அறுப்பில் நெல் நிறைய உதிர்ந்து கிடக்கிறது, நத்தையும் புழுவும் இருக்கின்றன. சாயங்காலம் வந்தால் ஆளுக்கு ஒரு கை நெல்லும் தவிடும் போடுகிறோம், அவ்வளவுதான். மார்ச் நடுவில் இந்த வயல்கள் ஓய்ந்துவிடும். அதற்கப்புறம் ஜூன் மழை வரைக்கும் எங்கள் தென்னந்தோப்பில்தான் அடைத்து வைக்க வேண்டும்.

தண்ணீருக்குப் போர்வெல்தான். இப்போது ஒரு நாளைக்கு 1500 லிட்டர் எடுக்கலாம். அதில் வீடு, இரண்டு மாடு, வாத்து எல்லாம் நடக்க வேண்டும். 2000 லிட்டர் சிமெண்ட் தொட்டி ஒன்று இருக்கிறது. குளம் கிடையாது. குளம் இல்லாமல் வாத்து முட்டை இடாது, இப்போதே எல்லாவற்றையும் விற்றுவிடு என்று பக்கத்துத் தோப்பில் சொல்கிறார்கள். விற்க மனமில்லை, முட்டை வர ஆரம்பித்த நேரம். எவ்வளவு தீவனம், எவ்வளவு தண்ணீர் என்று அனுபவம் உள்ளவர்கள் கணக்குச் சொன்னால் பெரிய உதவி.

ஆனைமலை வாத்துக்கிடை எழுதியது:

அம்மிணி, எல்லோரும் தீவனத்தில் கணக்கைத் தொடங்குவார்கள். உங்கள் ஊருக்கு அது சரிப்படாது. தீவனம் குறைந்தால் கடனுக்காவது வாங்கிவிடலாம், சித்திரையில் தண்ணீர் குறைந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் நாற்பது டிகிரி வெயிலும் சேர்ந்து அடிக்கிற ஊர் அது. ஆழியாற்றுத் தண்ணீர் பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி எல்லையருகே மணக்கடவு அணைக்கட்டில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு வந்தாலும், மூலத்தறை மதகணைக்கு மேற்கே உள்ள வயல்கள் அதைப் பார்க்கிற அளவுக்கு உங்கள் கிழக்குப் பக்கம் பார்ப்பதில்லை. அதனால் முதலில் தண்ணீர்.

குளம் வேண்டும் என்பது தவறான பேச்சு. முட்டைக்கு வளர்க்கிற வாத்துக்கு நீந்தக் குளம் தேவையில்லை. தலை முழுசாக மூழ்குகிற ஆழம் மட்டும் கட்டாயம் வேண்டும், ஐந்திலிருந்து ஆறு அங்குலம். மூக்குத் துவாரத்தையும் கண்ணையும் அது தண்ணீரில்தான் கழுவிக்கொள்கிறது. கோழிக்கு வைக்கிற ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைத்தால் கண்ணைச் சுற்றிப் பொருக்குக் கட்டி, கடைசியில் பார்வையே போய்விடும்.

ஆகவே தோப்பில் நிழல் விழுகிற இடத்தில் செங்கல் வைத்துப் பூசி ஒரு வாய்க்கால் கட்டுங்கள். அரையடி ஆழம், முக்கால் அடி அகலம், 20 அடி நீளம். மேலே மூங்கில் பட்டையோ கம்பியோ குறுக்கே வரிசையாக வையுங்கள், கழுத்து மட்டும் உள்ளே போகிற மாதிரி. உடம்பு உள்ளே போனால் பத்து நிமிஷத்தில் சேறாக்கிவிடும், அந்தத் தண்ணீரை அதுவே குடிக்கும். ஒரு முனையில் அடைப்பு வைத்து, திறந்தால் அழுக்குத் தண்ணீர் தென்னைக்கோ வாழைக்கோ ஓடுகிற மாதிரி சரிவு கொடுத்துவிடுங்கள். வாத்துத் தண்ணீர் போன வாழையைப் பார்த்தால் தெரியும், தனியாக உரம் போட வேண்டியதில்லை.

அந்த வாய்க்கால் ஒரு தரம் நிறைய 200 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். விடிவதற்கு முன்னே ஒரு தரம், உச்சி வெயிலுக்கு முன் ஒரு தரம் மாற்ற வேண்டும். தீவனம் பிசைய, ஏனம் கழுவ என்று சேர்த்தால் 200 வாத்துக்கு நாளுக்கு 500 லிட்டர். குடிப்பது இதில் பாதி கூட வராது. மீதியெல்லாம் சிந்துவதும் அழுக்காவதும். அந்தப் பாதியைக் குறைத்து மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

இப்போது உங்கள் போரைப் பாருங்கள். வீட்டுக்கு 300, இரண்டு மாட்டுக்கு 150, வாத்துக்கு 500. ஆகமொத்தம் 950. இன்றைக்கு 1500 வருகிறது, தாராளம். ஆனால் போன வருஷம் சித்திரையில் அதே போர் எவ்வளவு தந்தது என்று மாமியாரைக் கேளுங்கள். பாதியாகிறது என்று வைத்தால் 750தான். வீடும் மாடும் போக வாத்துக்கு மிஞ்சுவது 300 லிட்டர், அதாவது 120 வாத்துக்குத்தான் காணும். எத்தனை வாத்து நிறுத்தலாம் என்பதை உங்கள் போர் இப்போதே சொல்லிவிட்டது.

முட்டையிடுகிற வாத்துக்கு ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் போனால்கூடப் போதும், முட்டை சட்டென்று நின்று இறகு உதிர்க்க ஆரம்பித்துவிடும். மறுபடி முட்டைக்கு வர இரண்டு மாதம் ஆகலாம். ஆகவே தொட்டி எப்போதும் நிறைந்தே இருக்க வேண்டும். கரண்ட் போனாலும் மோட்டார் பழுதானாலும் இரண்டு நாள் தாங்கும். தொட்டிக்கு மேலே தென்னை ஓலை போடுங்கள். வெயிலில் சுட்ட தண்ணீரை வாத்துகள் சரியாகக் குடிக்காது.

தீவனத்துக்கு வருவோம். மேய்ச்சல் இல்லாமல் அடைத்துப் போட்டால் முட்டை வாத்துக்கு நாளுக்கு 150 கிராம் வையுங்கள். 200 வாத்துக்கு 30 கிலோ. மார்ச் நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை 80 நாள் என்றால் 2400 கிலோ. அதுவே 120 வாத்து என்றால் 1440 கிலோ. ஏறக்குறைய ஒரு டன் வித்தியாசம்.

நான் கலக்குகிற கலவை நூறு கிலோவுக்கு இப்படி: மக்காச்சோளம் 35, நொய் 15, தவிடு 18, சோயாப் புண்ணாக்கு 19, கருவாட்டுத் தூள் 6, கிளிஞ்சல் 6, தாது உப்புக் கலவை 1. புரதம் 18 சதவீதத்துக்குப் பக்கம் வரும், முட்டை வாத்துக்கு அது போதும். கருவாடு உப்புப் போடாததாக இருக்க வேண்டும், மீன் கடையில் கேட்டு வாங்குங்கள். கிளிஞ்சல் தனியாக ஒரு சட்டியிலும் போட்டு வையுங்கள், வேண்டியது தின்றுகொள்ளும்.

உலர்ந்த மாவாகப் போடாதீர்கள். அலகில் ஒட்டிக்கொண்டு பாதி வீணாகும், தொண்டையிலும் அடைக்கும். பிடித்தால் உருண்டையாகி, விட்டால் உதிர்கிற பதத்தில் பிசையுங்கள். வெயிலில் பிசைந்த தீவனம் இரண்டு மணி நேரத்தில் புளித்துவிடும், அதனால் காலை வெயிலுக்கு முன் பாதி, ஐந்து மணிக்கு மேல் பாதி. அரை மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவே போடுங்கள். மிஞ்சினதைக் கூட்டி எடுத்துவிடுங்கள். தண்ணீர் பக்கத்தில் இல்லாத இடத்தில் தீவனம் போடவே கூடாது. ராத்திரி தண்ணீரை எடுத்துவிட்டால் தீவனத்தையும் எடுத்துவிட வேண்டும்.

மேய்ச்சலிலிருந்து பட்டென்று தீவனத்துக்கு மாற்றாதீர்கள். வயல் ஓய ஆரம்பித்ததும் சாயங்காலம் ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தடவிப் பாருங்கள். கழுத்தடி புடைத்திருந்தால் வயிறு நிறைந்தது. தளர்ந்திருந்தால் அன்றைக்கே 50 கிராம் கலவை, அப்புறம் வாரா வாரம் ஏற்றிக்கொண்டு போங்கள். இன்னொன்று, காலை எட்டு மணிக்கு முன்னால் பட்டியைத் திறக்காதீர்கள். விடியற்காலைதான் முட்டை இடும் நேரம், சீக்கிரம் திறந்தால் முட்டை வரப்பில் கிடக்கும்.

மண்ணுத்தி மாணவர் எழுதியது:

அக்கா, நான் மீனாட்சிபுரம்காரன், மண்ணுத்தியில் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். ஐயா சொன்ன கலவை நன்றாக இருக்கிறது. அதில் கடலைப் புண்ணாக்கு சேர்க்காததைக் கவனித்தீர்களா? அதற்குக் காரணம் இருக்கிறது. பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகும். கோழியைவிட வாத்துக்கு அது பல மடங்கு கொடியது, கல்லீரலையே கெடுத்துவிடும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேலான வான்கோழிகள் செத்தபோதுதான் இந்த நஞ்சே கண்டுபிடிக்கப்பட்டது. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம். வாத்துக் குஞ்சுகளும் அப்போது செத்தன.

அதனால் 1440 கிலோவையும் ஒரே நாளில் வாங்கி அடுக்காதீர்கள். மக்காச்சோளம் நன்றாகக் காய்ந்ததா என்று கடித்துப் பாருங்கள், டொக்கென்று உடைய வேண்டும். ஒரு மாதத்துக்கு உள்ளது மட்டும் வாங்கி, தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரைத் தொடாமல் வையுங்கள். மே மாதக் கோடை மழைக்கு அப்புறம்தான் ஈரம் ஏறும், அப்போது மூட்டையைப் பிரித்து முகர்ந்து பாருங்கள். தவிடும் கருவாடும் எண்ணெய்ப் பசை உள்ளவை, சீக்கிரம் காறிப்போகும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தரம் புதிதாக வாங்குங்கள்.

இன்னொன்று கட்டாயம் சொல்ல வேண்டும். ஏப்ரலில் ஏரி வற்றும்போது குட்டையாகத் தேங்கிய தண்ணீரில் மீன் செத்துக் கிடக்கும். புழு தின்னட்டும் என்று வாத்தை அங்கே விடாதீர்கள். அந்த அழுகலில் பொட்டுலிசம் நஞ்சு இருக்கும். கழுத்து துவண்டு, இறக்கை தொங்கி, ஒரே நாளில் கூட்டமாக விழும். தூரத்துக் குட்டையைவிட உங்கள் தோப்பு வாய்க்கால் எவ்வளவோ மேல்.

வாத்து பிளேக், வாத்து காலரா தடுப்பூசிகள் போட்டாகிவிட்டதா? பிளேக் ஊசி 8லிருந்து 12 வாரத்துக்குள் போட்டிருக்க வேண்டும். போடவில்லை என்றால் ஊர் மிருகாஸ்பத்திரியில் இப்போதே கேளுங்கள். திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் உள்ள கேரள அரசு நிறுவனத்தில் இந்த மருந்து தயாராகிறது. பலர் சேர்ந்து கேட்டால் வரவழைப்பது சுலபம்.

கம்பம் இருபோகம் எழுதியது:

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலும் அறுப்பு முடிந்ததும் வாத்துக் கிடைகள் வரும். ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன், அக்கா. இப்போது மேய்கிற வயலில் கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள் என்று உரிமையாளரிடம் கேட்ட பிறகே இறக்குங்கள். குருணை மருந்து போட்ட பக்கத்து வயலில் புகுந்த வாத்துகள் வரப்பு ஏறுவதற்குள் விழுந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். காய்கறி வயல் வாய்க்கால் தண்ணீரிலும் கவனம்.

தீவனச் செலவைக் குறைக்க, தண்ணீரில் மிதந்து வளர்கிற அசோலா என்ற சின்னச் செடியை வளர்க்கலாமே? எங்கள் ஊரில் மாட்டுக்கு வளர்க்கிறார்கள், வாத்தும் ஆசையாகத் தின்னும்.

எருத்தேம்பதி தோப்புவீடு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மாமியாரிடம் கேட்டேன். போன சித்திரையில் 800 லிட்டருக்கு மேல் வரவில்லை என்கிறார். ஐயா சொன்ன கணக்கு அப்படியே பொருந்துகிறது. காலரா ஊசி போட்டாகிவிட்டது, பிளேக் ஊசிக்கு நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

200-ஐ 120 ஆக்குவதென்றால் எதை விற்பது? ஆண் நாற்பதையும் விற்றாலும் 160 நிற்கும். ஈஸ்டருக்கு நல்ல விலை போகும், அதுவரை வைத்திருந்து விற்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அது சரியா? இல்லை, மொத்தமாக எல்லாவற்றையும் உங்கள் ஆனைமலைப் பக்கம் ஓட்டிக்கொண்டு வரலாமா?

ஆனைமலை வாத்துக்கிடை எழுதியது:

ஈஸ்டர் யோசனை நல்லதுதான், அம்மிணி. ஐம்பது நாள் நோன்பில் கறி எடுக்கமாட்டார்கள், விலை படுத்துக் கிடக்கும். நோன்பு முடிகிற வாரம் திருச்சூர், எறணாகுளம் வியாபாரிகள் தேடி வருவார்கள். ஆண் வாத்தை அதுவரை வைத்திருக்க ஒன்றுக்கு ஐந்தாறு கிலோ தீவனம் ஆகும். அந்தச் செலவைக் கூட்டிவிட்டு வியாபாரி சொல்கிற விலையோடு ஒட்டிப் பாருங்கள். வயல் மேய்ச்சல் இருக்கும்வரை வைத்திருப்பதில் நஷ்டம் இல்லை. ஆனால் ஈஸ்டர் தாண்டியும் கைத்தீவனத்தில் நாற்பது ஆண் வாத்தை நிறுத்தாதீர்கள். அடை வைக்கக் குஞ்சு முட்டை வேண்டுமானால் ஆறு ஏழு பொட்டைக்கு ஓர் ஆண் போதும். தின்கிற முட்டைக்கு ஆணே வேண்டாம்.

பொட்டையில் கழிப்பதற்கு அவசரப்படாதீர்கள். உங்களுடையவை இளசு, பாதி இன்னும் முட்டைக்கே வரவில்லை. மார்ச் கடைசியில் விடியற்காலை ஒவ்வொன்றாகப் பிடித்து, பின்பக்கம் இரண்டு இடுப்பெலும்புக்கு நடுவே விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று விரல் தாராளமாக நுழைந்தால் முட்டையிடுகிறது. ஒரு விரலுக்கே இறுக்கமாக இருந்தால் காலில் ஒரு நூல் கட்டி, பத்து நாள் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறுக்கமாக இருப்பதையும் நொண்டி, மெலிந்ததையும் ஈஸ்டர் வண்டியிலேயே ஏற்றிவிடலாம். 120 என்று நான் சொன்னது போர் பாதியானால். 800 வரும் என்றால் 140 வரை நிறுத்தலாம், அதற்கு மேல் வேண்டாம்.

அசோலா சொன்ன தம்பிக்கு: பச்சையில் ஒரு கிலோ அள்ளினால் தண்ணீர் போக மிஞ்சுவது 60, 70 கிராம்தான். பச்சைத் தீனியாகக் கொஞ்சம் போடலாம், மஞ்சள் கருவுக்கு நல்ல நிறம் வரும். ஆனால் அதை நம்பித் தீவனத்தைக் குறைத்தால் முட்டை குறையும். அதற்கும் தொட்டி நிறையத் தண்ணீர் வேண்டும், இந்த வெயிலில் நிழல் இல்லாமல் வெந்துபோகும். இவர்களுக்கு இந்தக் கோடையில் அது வேண்டாம், மழைக்கு அப்புறம் வளர்க்கட்டும்.

இங்கே ஓட்டி வருவதைப் பற்றி: ஆழியாற்றின் பழைய ஆயக்கட்டுப் பாசன நிலத்தில் பங்குனியிலும் சில வயல் அறுப்பு இருக்கும், உண்மைதான். ஆனால் எங்கள் பக்கத்துக் கிடைகளே அதற்குக் காத்திருக்கின்றன. எல்லை தாண்டுவதானால் முதலில் மிருக டாக்டரிடம் சான்று வாங்கிக்கொண்டு, சோதனைச் சாவடியில் விசாரித்துவிட்டு வண்டி பேசுங்கள். 2024 ஏப்ரலில் ஆலப்புழையில் பறவைக் காய்ச்சல் வந்தபோது கேரளத்திலிருந்து வந்த கோழி, வாத்து வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். முட்டையில் இருக்கிற வாத்தை வண்டியில் ஏற்றி இறக்கினாலே பத்து நாள் முட்டை போய்விடும். தோப்பிலேயே நிறுத்துங்கள். ஜூனில் மழை இறங்கி முதல் போகத்துக்குச் சேறடிக்கிற வயலில், நடவுக்கு முன்னால், உரிமையாளரிடம் கேட்டு இறக்கிவிடுங்கள். புழுவும் நத்தையும் நண்டும் கிடைக்கும், அன்றிலிருந்து கைத்தீவனத்தைப் படிப்படியாகக் குறைக்கலாம்.

வாய்க்கால் பூச்சு காய ஒரு வாரம் விடுங்கள். சிமெண்ட் காரம் போக இரண்டு மூன்று தரம் தண்ணீர் நிறைத்துக் கொட்டிவிட்டு அப்புறம் வாத்துக்கு விடுங்கள். இந்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டுவிடுங்கள்.