பதில்: எரர் கோடுக்கு ‘பிழைக்குறியீடு’ வேணாம், ‘அறிகுறி எண்’ வைக்கலாம்

எல்லாருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கத்துல ஃபீனிக்ஸ்ல இருந்து எழுதுறேன், வாஷிங் மெஷின் ரிப்பேர்தான் எனக்குத் தொழில். நம்ம தமிழ்ச் சொல் பட்டியல்ல, மெஷின் டிஸ்ப்ளேல வர்ற எரர் கோடுக்கு ‘பிழைக்குறியீடு’ன்னு போட்டு முடிச்சிடலாம்னு சென்னை அண்ணா எழுதியிருந்தாரு, மதுரை அக்கா ‘கோளாறு எண்’ நல்லா இருக்கும்னு சொன்னாங்க. ரெண்டு சொல்லுக்கும் ஒரே சிக்கல்தான். முடிக்கிறதுக்கு முன்னாடி அதைக் கொஞ்சம் நீளமா சொல்லிடுறேன்.

டிஸ்ப்ளேல வர்ற அந்த எழுத்து, எந்த பார்ட் கெட்டுப்போச்சுன்னு சொல்றதே இல்ல. தண்ணி வர்ற வால்வைத் திறந்து விட்டாச்சு, இவ்வளவு நிமிஷம் ஆச்சு, டப்புல தண்ணி மட்டம் ஏறலை, மெஷினை இயக்குற எலக்ட்ரானிக் போர்டுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஏன் ஏறலைன்னு அதுக்குத் தெரியாது. எல்ஜி மெஷின்ல அதுக்கு ஐஇ-ன்னு வரும், சாம்சங்ல 4இ இல்லன்னா 4சி. இதைப் போய் ‘பிழை’ன்னோ ‘கோளாறு’ன்னோ எழுதினா படிக்கிறவங்க மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணிடுறாங்க, அதுக்கப்புறம் யாராவது வந்து போர்டை மாத்தணும்னு சொன்னா தலையாட்டிடுறாங்க. நல்லா ஓடுற போர்டைக் கழட்டிட்டு புதுசு போட்டு, அப்பவும் அதே ஐஇ வந்து நின்ன வீடுகளை நான் பார்த்திருக்கேன், அந்தக் காசு போனது போனதுதான்.

எங்க ஊர் விஷயத்தையே எடுத்துக்கங்க. 2022 ஏப்ரல் வெள்ளத்துல டோங்காட் தண்ணி சுத்திகரிப்பு நிலையம் நாசமாயிடுச்சு, அந்தப் பக்கமெல்லாம் மாசக்கணக்கா குழாய்ல தண்ணி கிடையாது. அதுக்கப்புறம் வெருலம், ஃபீனிக்ஸ், டோங்காட்னு நிறைய வீட்ல ஜோஜோ டேங்க் (பிளாஸ்டிக் தண்ணித் தொட்டி) வச்சாங்க, பலபேர் பம்ப் போடாம டேங்க்ல இருந்து நேரா மெஷினுக்கு ஹோஸ் இழுத்துட்டாங்க. தண்ணி 10 மீட்டர் உயரத்துல நின்னாதான் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். வால்வுக்கு மேல 2 மீட்டர்தான் தண்ணி நிக்குதுன்னா 0.2 பார் தான், நிறைய மெஷினுக்கு அது பத்தாது, வால்வு உள்ள இருக்குற ரப்பர் டயாஃப்ரம் (சவ்வு) தண்ணியோட அழுத்தத்தை வச்சுதான் வேலை செய்யுது. தண்ணி சொட்டுச் சொட்டா இறங்கும், நேரம் போயிடும், ஐஇ வந்துடும். இதுல மெஷின் மேல என்ன பிழை இருக்கு? ஒரு சின்ன பூஸ்டர் பம்ப் போட்டா சரியாயிடும்.

இன்னொண்ணு, தண்ணி நின்னு திரும்ப வரும்போது மண்ணு கலந்து பழுப்பா வரும்ல, அது வந்து வால்வு வாய்ல இருக்குற சின்ன வலையை அடைச்சிடும். பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, ஹோஸைக் கழட்டி, வலையை மூக்கு கொறடால மெதுவா இழுத்து பழைய டூத் பிரஷ்ல தேச்சுக் கழுவிப் போட்டா போதும். அப்புறமும் அதே எழுத்து வந்தா வால்வு காயிலை (வால்வைத் திறக்குற கம்பிச் சுருளை) மீட்டர் வச்சுப் பாக்கணும், 230 வோல்ட் வால்வுன்னா பொதுவா 3 இல்ல 4 கிலோ ஓம் பக்கத்துல காட்டும், ஒண்ணுமே காட்டலைன்னா காயில் அறுந்துபோச்சு. அதுவும் நல்லா இருந்தா டப்போட அடியில இருந்து பிரஷர் சென்சாருக்குப் போற சின்ன டியூப்ல சோப்பு அழுக்கு அடைச்சிருக்கான்னு பாக்கணும், இல்ல கழண்டிருக்கலாம்.

இதையெல்லாம் விட ஒண்ணு இருக்கு. தண்ணி வெளிய போற ஹோஸைத் தரையோட போட்டு வெளிய விட்டிருப்பாங்க. அது 60 சென்டிமீட்டராவது மேல ஏறி அப்புறம்தான் இறங்கணும், இல்லன்னா ஊத்துற தண்ணியெல்லாம் தானா இழுத்துக்கிட்டு வெளிய ஓடிடும். மெஷின் நிரப்பிக்கிட்டே இருக்கும், மட்டம் ஏறாது, ‘தண்ணி வரலை’ன்னு ஐஇ காட்டும். தண்ணி நல்லா வந்துக்கிட்டுதான் இருக்கு, தப்பு இருக்கிறது போற ஹோஸ்ல! எழுத்தை நம்பி வால்வை மாத்தினவங்க என்ன பண்ணுவாங்க சொல்லுங்க.

தண்ணி போகலைங்கறதுக்கு எல்ஜியில ஓஇ, சாம்சங்ல 5இ, பாஷ்ல இ18. அதுவும் இதே கதைதான். முதல்ல கீழ இருக்குற பம்ப் ஃபில்டரைத் திறங்க, காசு, ஹேர்பின், குழந்தை சாக்ஸ்னு ஏதாவது இருக்கும், பம்பையே மாத்துற அளவுக்குப் போறது கொஞ்சம்தான்.

அப்புறம் எல்ஜியில பிஎஃப்-ன்னு ஒண்ணு வரும். நடுவுல கரண்ட் போயிடுச்சுங்கற சேதி அது, வேற ஒண்ணுமில்ல. 2023-ல இங்க லோட்ஷெட்டிங் (முறை வச்சு கரண்ட் நிறுத்துறது) எப்படி இருந்துச்சுன்னு இருந்தவங்களுக்குத் தெரியும், துணி போட்டு பாதியில கரண்ட் போகும், திரும்பி வந்ததும் பிஎஃப். அதைப் பார்த்து ‘பிழைக்குறியீடு’ன்னு சொன்னா வயசான ஆண்ட்டிங்க பயந்துபோய் மெஷினைத் தொடவே மாட்டாங்க.

அதனாலதான் ‘அறிகுறி எண்’ணுன்னு கேக்குறேன். காய்ச்சலுக்கு அறிகுறி, மழைக்கு அறிகுறின்னு எல்லாரும் பேசுற சொல்லு, புதுசா ஒண்ணும் பழக்க வேண்டியதில்ல. அறிகுறின்னு கேட்டதுமே, காரணம் வேற எங்கயோ இருக்கு, தேடணும்னு மனசுல வந்துடும். காரணம் மெஷின்ல இருந்தாலும் குழாய்ல இருந்தாலும் கரண்ட்ல இருந்தாலும் பொருந்தும்.

கோயம்புத்தூர் தம்பி ‘பழுதுக்குறி’ன்னு சொன்னது எனக்கு ரொம்பப் பிடிச்சது, சின்னதா வாய்க்கு நல்லாவும் இருக்கு, ஆனா பிஎஃப் பழுதே இல்லையே தம்பி, டேங்க் தண்ணி விஷயமும் பழுது இல்ல. ஐஇ-ங்கறது எழுத்துதானே, எப்படி ‘எண்’ணுன்னு சொல்றதுன்னும் கேட்டிருந்தீங்க. டர்பன் வண்டிங்கள்ல ரொம்ப காலமா என்டி-ன்னு எழுத்து இருந்துச்சு, அதையும் சேர்த்து வண்டி நம்பர்னுதான் சொன்னோம், யாரும் குழம்பினதில்ல.

‘பிழைக்குறியீடு’ சாஃப்ட்வேர் பட்டியல்ல இருக்கட்டும் அண்ணா, அங்க நிரல்ல நெசமாவே பிழை இருக்கலாம். வீட்டு மெஷினுக்கு வேணாம்.

வாக்கியத்துல போட்டுப் பார்த்தேன்: “ஓஇ-ன்னு அறிகுறி எண் வருது, ஃபில்டரைத் திறந்து பாருங்க.” ஃபோன்ல சொன்னா உடனே புரியுது. எல்லாருக்கும் சம்மதம்னா பட்டியல்ல இந்த வரிக்குப் பக்கத்துல ‘எங்கெங்க பாக்கணும்’னு ஒரு கட்டம் சேர்க்கலாம், ஐஇ-க்கும் ஓஇ-க்கும் நான் எழுதித் தர்றேன். யுஇ, அதான் துணி ஒரு பக்கமா ஒதுங்கி டிரம் ஆடுறது, அதை மதுரை அக்கா எழுதுனா நல்லா இருக்கும், அவங்க முன்னாடி ஷாக் அப்சார்பர் பத்தி எழுதுனது தெளிவா இருந்துச்சு.