டென்த் சயின்ஸுக்கு கைடு வச்சுப் படிச்ச அனுபவம் – தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருக்கறவங்க சொல்லுங்க

பென்னாகரம் அக்கா:
என் தங்கச்சி இந்த வருஷம் டென்த், கவர்மென்ட் ஸ்கூல், தமிழ் மீடியம். புக்கு ஸ்கூல்லயே ஃப்ரீயா குடுத்துடறாங்க ஆனா அது பையில புது வாசனையோட அப்படியே கிடக்குது, காலைல எந்திரிச்சா கைடு, ராத்திரி படுக்கற வரைக்கும் கைடு. காலாண்டுல ஒன் மார்க் எல்லாம் ஒண்ணு தவிர மொத்தமும் கரெக்ட், வீட்ல ஒரே சந்தோஷம். அப்பறம் பேப்பரை வாங்கிப் பொறுமையா பாத்தா 22ஆவது கேள்வியும் 32ஆவது கேள்வியும் வெறும் நம்பரைப் போட்டுட்டு கீழ கோடு போட்டு விட்ருக்கா. ஏன்டி எழுதலன்னு கேட்டா "அது கைட்ல இல்லக்கா"ங்கறா. அது ரெண்டும் கட்டாய வினா, மத்ததுல 10 குடுத்து 7 எழுதுன்னு சாய்ஸ் இருக்கும், இதுல தப்பிக்க வழியே இல்ல, 2ம் 4ம் ஆறு மார்க் போச்சு. கைடை புடுங்கி வச்சுடலாமான்னு எங்கம்மா கேக்கறாங்க. நீங்கல்லாம் எப்படி படிச்சீங்க, உங்க புள்ளைங்க எப்படி படிக்குது?

ஊத்தங்கரை டியூஷன் சார்:
புடுங்கல்லாம் வேணாம்மா, அது இன்னும் மோசமாப் போவும். என்கிட்ட வர்ற பசங்க கதை ஒண்ணு சொல்றேன். ஒளியியல்ல லென்சோட திறன் கணக்கு குடுத்தேன், குழி லென்ஸ், குவியத் தொலைவு 2 மீட்டர், திறன் எவ்வளவுன்னு. பாதிப் பேரு 0.5 டையாப்டர்னு எழுதி வச்சிருக்காங்க, மைனஸ் எங்கடான்னா எல்லாரும் ஒரே பக்கத்தைத் திருப்பிக் காட்றானுங்க, அந்தக் கைட்ல அச்சடிக்கறப்பவே மைனஸ் விட்டுப்போச்சு. எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, இந்த மாதிரி எல்லாத்துலயும் ஒண்ணு ரெண்டு இருக்கும். எனக்கு கடுப்பானது அச்சுப்பிழைக்கு இல்ல. குழி லென்ஸ்னா குவியத் தொலைவு மைனஸ்ல வரும்னு அதே பசங்க ஒன் மார்க்ல சரியா எழுதுவானுங்க, கணக்குன்னு வந்தா மட்டும் ஏன் நிமிந்து பாக்க மாட்டேங்கறானுங்க? அன்னிலேர்ந்து கைட்ல இருக்கற கணக்கை பேனாவுல அடிச்சுட்டு விடையை மட்டும் விட்டு வைக்கறேன், நடுவுல இருக்கற ஸ்டெப்பை அவனே போடணும். விடை ஒத்து வரலன்னா அவன் தப்பா கைடு தப்பான்னு சண்டை வரும், அந்தச் சண்டையிலதான் கொஞ்சம் மண்டைல ஏறுது.

உங்க தங்கச்சிக்கு அந்த 22, 32 பெரும்பாலும் கணக்கா இருக்கும், இல்ல யோசிச்சு எழுதற மாதிரி இருக்கும். இயக்க விதிகள், மின்னோட்டவியல், அணுக்களும் மூலக்கூறுகளும், பிஎச் மதிப்பு இதுல புக்குலயே போட்டுக் காட்டிருக்கற கணக்கு இருக்கும் பாருங்க, பாடத்துக்குப் பின்னாடி கேள்வியா இருக்கறது இல்ல, அதை ஒரு தடவை கையால போடச் சொல்லுங்க.

தளி பக்கத்து ஆளு:
உங்களுக்கெல்லாம் கைடு இருக்கே சாமி. எங்க பக்கம் கன்னட மீடியம், தெலுங்கு மீடியம் கவர்மென்ட் ஸ்கூல்ல படிக்கற புள்ளைங்க இருக்காங்க, தமிழ்நாட்டு சிலபஸ், பாடம் கன்னடத்துல. ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கற கடையெல்லாம் ஏறி எறங்கியாச்சு, தமிழ்ல இருக்கு, இங்கிலீஷ்ல இருக்கு, கன்னடத்துல கேட்டா கடைக்காரரே சிரிக்கறாரு, விக்கறதே கொஞ்சம் பேருக்கு, எவன் அடிப்பான். பெங்களூர்ல கிடைக்கறது கர்நாடகா சிலபஸ், அது இங்க ஆவாது. கடைசில எங்க ஸ்கூல் சார்தான் தமிழ்க் கைடைப் பாத்து முக்கியமான கேள்வியை கன்னடத்துல கையெழுத்துல எழுதி ஜெராக்ஸ் போட்டுக் குடுத்தாரு. அதுல ஒரு நல்லது என்னன்னா அவரு எழுதறப்பவே தேவையில்லாததை வெட்டிட்டாரு, படத்தையும் பெருசா வரைஞ்சு குடுத்தாரு. என் பையன் நியூரான் படம் இன்னிக்கும் கண்ணை மூடிட்டுப் போடுவான்.

அரூர் டீச்சர்:
நான் கைடுக்கு ஆதரவாத்தான் பேசுவேன், திட்றவங்க திட்டிக்கோங்க. என் கிளாஸ்ல பாதிப் புள்ளைங்களோட அப்பா அம்மா பெங்களூர்ல கட்டட வேலைக்கும் திருப்பூருக்கும் போய்ட்டாங்க, புள்ளைங்க பாட்டிகிட்ட இருக்குது, பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு கடைசி பஸ்ஸைப் புடிச்சு வீட்டுக்குப் போனா சந்தேகம் கேக்க ஒரு ஆள் கிடையாது. அந்தப் புள்ளைக்கு 23 பாடம் இருக்கற அவ்ளோ பெரிய புக்கைக் குடுத்து நீயே படிச்சுக்கோன்னா எங்கேர்ந்து தொடங்கும்? எழுத்துத் தேர்வு 75 மார்க், அதுல 20 எடுத்தாத்தான் பாஸ், செய்முறை 25 தனி. அந்த 20ஐ எட்டறதுக்கு மெல்லக் கற்கறவங்களுக்குன்னு நாங்க குடுக்கற மெலிசான மெட்டீரியலும் கைடு மாதிரிதானே.

ஆனா ஒண்ணு. மரபியல்ல ஒரு பண்புக் கலப்பு, அதாவது ஒரே ஒரு குணம் மாறற ரெண்டு செடியைச் சேத்தா என்ன வரும்ங்கறது, நெட்டைச் செடி குட்டைச் செடி, 3:1 எல்லாம் கைட்ல வரிவரியா மனப்பாடம் பண்ணிடுவாங்க. திருப்புதல் தேர்வுல நான் ஊதாப் பூ, வெள்ளைப் பூன்னு மாத்திக் கேட்டேன். பாதிப் பேப்பர்ல நெட்டையும் குட்டையுமே வந்து நிக்குது, ஒரு பையன் "ஊதா நெட்டை"ன்னு எழுதிருந்தான், சிரிக்கறதா அழறதான்னு தெரியல. அதனால இப்ப கலப்பு போடற கட்டத்தை மட்டும் வெறுமனே வரைஞ்சு குடுத்துடறேன், செடியை அவங்களே பேரு வச்சுக்கணும், ஒரு பொண்ணு எங்க ஊர் மாம்பழம்னு வச்சா, வைக்கட்டும்.

அப்பறம் விடைத்தாள் திருத்தறப்ப கைட்டு வரி புக்கு வரின்னு நாங்க பிரிச்சுப் பாக்கறதில்ல, சரியா இருந்தா மார்க் உண்டு. படத்துலதான் மாட்டிக்கறாங்க. கைட்ல படம் தீப்பெட்டி சைஸுக்கு இருக்கும், பாகம் குறிச்சிருக்கற கோடு எதைத் தொடுதுன்னே தெரியாது, அதைப் பாத்து வரைஞ்ச இதயத்துல வலது ஏட்ரியம் எது, வென்ட்ரிக்கிள் எதுன்னு புள்ளைக்கே குழப்பம். படத்துக்கு மட்டுமாவது புக்கைத் தொறங்க.

பாலக்கோடு தம்பி:
நான் 2023 பேட்ச். எங்க செட்டுல ஒருத்தன் அவங்க அக்காவோட கைடை வாங்கி வச்சுப் படிச்சான், அது அதுக்கு முந்தின வருஷத்துது, கொரோனாவால பாடத்தைக் குறைச்சு 2022 மே மாசம் எக்ஸாம் நடந்துச்சே, அந்த வருஷம். அக்கா வேண்டாத பக்கத்தையெல்லாம் பென்சில்ல பெருக்கல் குறி போட்டு அடிச்சு வச்சிருக்கு, இவன் அதையும் அப்படியே நம்பிட்டான், எங்களுக்கு முழு சிலபஸ்னு மிஸ் கிளாஸ்ல கத்தினது அவன் காதுல விழல. அரையாண்டுல பேப்பரைப் பாத்துட்டு "மிஸ் இது நம்ம பாடத்துலயே இல்ல"ன்னு எந்திரிச்சு நின்னான் பாருங்க, ஹால்ல எல்லாரும் சிரிச்சுட்டோம். பொதுத் தேர்வுல பாஸ் பண்ணிட்டான், அது வேற. பழைய கைடு வாங்கறவங்க எந்த வருஷத்துதுன்னு முதல் பக்கத்தைப் பாத்துக்கோங்க, 2019க்கு முந்தினதுன்னா சிலபஸே வேற, பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடுங்க.

பென்னாகரம் அக்கா:
எல்லாருக்கும் நன்றிங்க. டியூஷன் சார் சொன்ன மாதிரி கைட்ல இருக்கற கணக்கையெல்லாம் நேத்து அடிச்சுட்டேன், என்கிட்ட பேச மாட்டேங்கறா. டீச்சர், செய்முறைத் தேர்வுக்கும் தனியா கைடு விக்கறாங்களே, அது வாங்கணுமா?

அரூர் டீச்சர்:
வேணாம்மா. ரெக்கார்டு நோட்டை ஒழுங்கா முடிச்சு கையெழுத்து வாங்கச் சொல்லு, லேப்ல செய்யறப்ப பின்னாடி நிக்காம முன்னாடி நிக்கச் சொல்லு. அந்தக் காசுக்கு ஒரு ஜாமென்ட்ரி பாக்ஸ் வாங்கிக் குடு, என் கிளாஸ்ல ஸ்கேல் இல்லாம கோடு போடறதுங்கதான் ஜாஸ்தி.