சொந்தப் பெயரில் அரசியல் எழுதுகிறவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். திருமங்கலத்தில் இருக்கிறேன். தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டியதிலிருந்து அதைப் பற்றி முகநூலில் சொந்தப் பெயரில்தான் எழுதி வருகிறேன். எதிர்க்கருத்து எவ்வளவு வேண்டுமானாலும் வரட்டும். ஆனால் போன வாரம் ஒருவர் எங்கள் வீட்டு வாசல் படத்தையும் மகள் படிக்கும் பள்ளியின் பெயரையும் பதிலில் போட்டுவிட்டார். எய்ம்ஸுக்கும் என் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றமே 2017-ல் சொல்லியிருக்கிறது.

போலிப் பெயருக்கு மாற எனக்கு மனமில்லை. சொன்ன சொல்லுக்கு ஆள் நிற்க வேண்டும். (புனைபெயரில் எழுதுகிறவர்களைக் குறை சொல்லவில்லை, அவரவர் நிலைமை அப்படி.)

ஸ்கிரீன்ஷாட்டும் லிங்க்கும் எடுத்து வைத்திருக்கிறேன். நம் பக்கம் சைபர் கிரைமில் புகார் கொடுத்தவர்கள் இருந்தால், என்னென்ன கேட்டார்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், பெயரை மட்டும் வெளியே வைத்துவிட்டு குடும்பப் படங்கள், நண்பர் பட்டியல் எல்லாவற்றையும் மறைப்பது எப்படி?