மறு: டுரியான் சுளைக்கு ஒரு கலைச்சொல்

வணக்கம்.

> டுரியான் விதைமேல் நாம் தின்கிற சதையான ‘ஏரில்’ (aril) என்பதற்கு ‘விதையுறை’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் ஐயா. விதையுறை என்ற சொல் விதையின் தோலுக்கு ஏற்கெனவே போய்விட்டது. ஏரில், சூல்காம்புப் (விதையைக் கனியோடு இணைக்கும் காம்பு) பக்கமிருந்து கிளம்பி அந்தத் தோலுக்கும் மேலே போர்த்துகிற சதை. ரம்புத்தானைக் கடிக்கும்போது சதையோடு பட்டைபோல ஒன்று ஒட்டிக்கொண்டு வந்து பல்லில் சிக்குமே, அதுதான் விதையுறை. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் ரம்புத்தானைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது.

எனக்கு அவசரம் உண்டு. சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் தோட்டத்துக்குப் பழ அட்டைகள் எழுதுகிறேன். தனிக்கனி (ஒரு பூவின் ஒரே சூலகத்திலிருந்து வருவது), திரள்கனி (ஒரு பூவின் பல சூலகங்கள் சேர்ந்தது), கூட்டுக்கனி (பல பூக்கள் சேர்ந்தது) மூன்றும் தொல்லை தரவில்லை: மாம்பழம், சீத்தாப்பழம், அன்னாசி என்று எடுத்துக்காட்டு சொன்னால் போதும். டுரியானில்தான் மாட்டிக்கொண்டேன். அது வெடிகனி, முதிர்ந்தால் ஐந்தாகப் பிளக்கும். நாம் தின்பதோ கனியின் சுவரை அல்ல, ஏரிலை.

‘சுளை’ என்றே விட்டுவிடலாமா? கேலாங் டுரியான் கடையில் நாமெல்லாம் அப்படித்தான் கேட்கிறோம். ஆனால் பலாச்சுளை என்பது சதைப்பற்றான பூவிதழ். ஆரஞ்சுச் சுளை ஒரு சூலறை (சூலகத்தின் ஓர் அறை), உள்ளே சாறு நிறைந்த மயிர்கள். (அட்டையில் ‘மயிர்’ என்று எழுதினால் யாரும் ஆரஞ்சைத் தொடமாட்டார்கள், அது வேறு கதை.) சீத்தாவையும் சேர்த்தால் ஒரே சொல்லுக்கு நான்கு உறுப்பு.

‘பத்திரி’ என்று இன்னொரு யோசனையும் உண்டு, அழகானது. சாதிக்காய்மேல் சிவப்பு வலையாகப் பின்னியிருக்கும் சாதிபத்திரி ஏரில்தானே. ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு காலத்தில் சாதிக்காய்த் தோட்டங்கள் இருந்ததால் நம் ஊருக்கும் பொருந்தும். ஆனால் பத்திரி என்றதும் மசாலா டப்பாதான் நினைவுக்கு வருகிறது. டுரியானின் வழவழப்புக்கு ஒட்டவில்லை.

ஆகவே ‘விதைச்சுளை’. கொடுக்காப்புளியில் கறுப்பு விதையைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சதைக்கும் இது சரியாக உட்காரும்.

---

> ஆகவே ‘விதைச்சுளை’.

அப்போ மாதுளை முத்து? அதுவும் விதைமேல் உள்ள சதைதானே தம்பி. அட்டையைப் படிக்கிற பிள்ளை அதையும் விதைச்சுளை என்றுதான் சொல்லும்.

---

சரியான கேள்வி ஐயா. மாதுளையில் விதையின் தோலே சாறு பிடித்துச் சதையாகிறது. தனிப் போர்வை கிடையாது. அங்கே உங்கள் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன்: ‘சதை விதையுறை’. மாதுளை அட்டையை நாளைக்கே மாற்றி எழுதுகிறேன்.