ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை? குடும்பக் குழுவில் ஒரு மாலை

கவின்: மீனா அத்தை, நுழைவுத் தேர்வுக்கு இங்கிலீஷ் வார்த்தை படிக்க ஆரம்பிக்கப் போறேன். கையில 3,500 வார்த்தைப் பட்டியல் ஒண்ணு இருக்கு. நாளைக்கு 50 வீதம் போட்டா 70 நாள்ல முடிஞ்சிடும். சரியா வருமா?

மீனா அத்தை: வகுத்தல் சரிதான்டா. ஆனா அதுல மறதிக்கு இடமே விடலையே.

சிவா சித்தப்பா: அக்கா சொல்றதுதான் விஷயம். ஹெர்மன் எபிங்ஹவுஸ்னு ஒரு ஜெர்மானியர் 1885-லயே இதை அளந்து எழுதி வச்சிட்டார். அர்த்தமில்லாத அசைகளா எடுத்து மனப்பாடம் பண்ணி, எவ்வளவு நேரத்துல எவ்வளவு மறக்குதுன்னு தன்னை வச்சே சோதிச்சுப் பார்த்தார். முதல் சில மணி நேரத்துலயே பெரும்பகுதி போயிடும். அதுக்கப்புறம் மறக்குற வேகம் குறையும். எந்த வாக்கியத்துலயும் நீ பார்க்காத வார்த்தை உன் மூளைக்கு அந்த அர்த்தமில்லாத அசை மாதிரிதான்.

கவின்: அப்போ எத்தனை போடலாம் சித்தப்பா?

சிவா சித்தப்பா: புதுசா 10. ஏன்னு கணக்கா சொல்றேன். ஒரு வார்த்தையைப் படிச்ச பிறகு 1, 3, 7, 16, 35-ஆம் நாள்ல திரும்பப் பார்க்கணும்னு வை. ஆக 5 தடவை. தினம் 10 புதுசு போட்டா 35 நாள் கழிச்சு தினமும் 50 பழைய வார்த்தை வரிசையில நிக்கும். ஒண்ணுக்கு 8 நொடின்னா 7 நிமிஷம்தான். தினம் 50 புதுசு போட்டேன்னா 250 பழசு நிக்கும். அதுல தப்பினது மறுபடி வரும். புது வார்த்தைக்கு ஞாபக அட்டை (ஒரு பக்கம் வார்த்தை, மறுபக்கம் பொருள்) எழுத ஒண்ணுக்கு 2 நிமிஷம்னாலும் அதுவே 100 நிமிஷம். மூணாவது வாரம் பட்டியலை மூடி வச்சிடுவாங்க. பலர் விடுறது இந்த இடத்துலதான், சோம்பேறித்தனத்தால இல்ல.

திவ்யா அக்கா: இன்னொண்ணு கவின், அந்த 3,500 பட்டியல் எந்தக் காலத்துதுன்னு பாரு. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான சாட் நுழைவுத் தேர்வையே எடுத்துக்கோ. வார்த்தைக்கு வார்த்தை உறவு கண்டுபிடிக்கிற கேள்வியை 2005-லயே எடுத்துட்டாங்க. தனி வாக்கியத்துல கோடிட்ட இடம் நிரப்புற பகுதியை 2016-ல எடுத்தாங்க. இப்போ 25-லிருந்து 150 வார்த்தைக்குள்ள ஒரு சின்னப் பத்தி, அந்த இடத்துல அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்னு கேள்வி. யாரும் எழுதாத அரிய வார்த்தையைத் தேடிப் படிக்கிறதுல இப்போ பலன் குறைவு.

கவின்: அப்போ எந்தப் பட்டியல்தான் அக்கா படிக்கிறது?

மீனா அத்தை: ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000-ல வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்ட் இருக்கு. 570 சொற்குடும்பம், அதாவது ஒரு சொல்லும் அதுலேருந்து கிளைச்ச வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம். பல துறை நூல்கள்லயும் திரும்பத் திரும்ப வர்றதா பார்த்துப் பொறுக்கினது. மொத்தம் 10 பிரிவு, முதல் 9-ல 60 வீதம், கடைசில 30. முதல் பிரிவுலதான் அதிகமா புழங்குற சொற்கள். அங்கேருந்து தொடங்கு. உனக்கு நல்லாத் தெரிஞ்சதை அடிச்சிட்டுப் போயிடு, பெருமைக்காக திரும்பப் படிக்காதே. மிச்ச இடத்துக்கு நீ வாசிக்கிற கட்டுரைலேருந்து வர்ற வார்த்தைகள்.

கவின் அம்மா: மீனா, இவன் எல்லாத்தையும் போன்லதான் படிக்கிறேங்கிறான். தாள்ல எழுதினா என்ன?

மீனா அத்தை: ரெண்டும் சரிதான் அண்ணி. தாள் அட்டைன்னா 5 அறை போட்ட பெட்டி ஒண்ணு போதும். செபாஸ்டியன் லைட்னர் 1972-ல எழுதின முறை அது. சரியா சொன்னா அட்டை அடுத்த அறைக்குப் போகும், தப்பினா எந்த அறைல இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பணும். முதல் அறை தினமும், பின்னாடி போகப் போக இடைவெளி கூடும். ஆங்கி மாதிரி செயலி இந்த இடைவெளியைத் தானே பார்த்துக்கும். எதுல செஞ்சாலும் அட்டையை அவன் கையால உருவாக்கணும். அடுத்தவங்க செஞ்சு வச்ச 1,000 அட்டையை இறக்கிப் போட்டா பாதி வேலை செய்யாமலே போயிடும்.

கவின்: அட்டையில என்ன எழுதணும்? முன்னாடி வார்த்தை, பின்னாடி அர்த்தம், அவ்வளவுதானே?

மீனா அத்தை: அங்கதான் சறுக்குது. முன்பக்கம் முழு வாக்கியம் எழுது, சொல்லுக்கு அடிக்கோடு போடு. பின்பக்கம் நாலு விஷயம்: உன் சொந்த நடையில பொருள், அது எந்தச் சொல்லோட சேர்ந்து வரும், தொனி நல்லதா கெட்டதா, எதோட குழப்பிக்கக் கூடாது. அகராதியை அப்படியே பார்த்து எழுதாதே.

மீனா அத்தை: தொனியை ஏன் எழுதச் சொல்றேன்னா, த்ரிஃப்டிக்கும் ஸ்டின்ஜிக்கும் ரெண்டுக்குமே "செலவு பண்ண மாட்டார்"னு எழுதி வச்சிருப்பாங்க. நம்ம மொழியிலயே சிக்கனம் வேற, கஞ்சத்தனம் வேற இல்லையா? முதல்ல சொன்னது சிக்கனம், ரெண்டாவது கஞ்சத்தனம். ஃபேமஸுக்கும் நொட்டோரியஸுக்கும் "பிரபலமான"னு ஒரே பொருள் எழுதினாலும் இதே கதிதான். பத்தி ஒருத்தரைப் பாராட்டுற இடத்துல நீ ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்துடுவே.

திவ்யா அக்கா: ஆம்பிவலன்ட், இண்டிஃபரன்ட். இந்த ஜோடியையும் சேர்த்துக்கோங்க அத்தை.

மீனா அத்தை: ஆமாம்மா, அது ரொம்பப் பேரைக் கவுத்துடும். ஆம்பிவலன்ட்னா ரெண்டு பக்கமும் மனசு இழுக்குது, வேணும்னும் இருக்கு வேண்டாம்னும் இருக்கு. இண்டிஃபரன்ட்னா எந்தப் பக்கமும் இழுக்கலை. ஒண்ணுல உணர்ச்சி ரெண்டு, இன்னொண்ணுல பூஜ்யம்.

கவின்: ரூட் வேர்ட்ஸ் படிச்சா 1,000 வார்த்தை தானா வரும்னு சொல்றாங்களே?

சிவா சித்தப்பா: தானா வராது. ஆனா ஞாபகத்துக்கு நல்ல கொக்கி. குரோன்னா காலம்: குரோனிக், சிங்க்ரனைஸ், அனாக்ரனிஸம். லோக்னா பேச்சு: எலோக்வன்ட், கொலோக்வியல். இப்படி 40, 50 வேர்ச்சொல் போதும். பொருள் தெரிஞ்ச சொல்லை நிலைநிறுத்த வேரைப் பயன்படுத்து. தெரியாத சொல்லுக்கு வேரை மட்டும் நம்பிப் பதில் போடாதே. பெடெஸ்ட்ரியன்ல இருக்கிற பெட் லத்தீன், கால். பீடியாட்ரிக்ல இருக்கிறது கிரேக்கம், குழந்தை. எனர்வேட்னா எனர்ஜி மாதிரி கேட்குது, ஆனா பொருள் தெம்பை உறிஞ்சிடுறது. "இன்"னு தொடங்கினா எதிர்மறைன்னு நினைச்சா இன்வேல்யுவபிள் உன்னைக் கவுத்துடும். அது மதிப்பில்லாதது இல்ல, மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது.

திவ்யா அக்கா: எனக்குக் கேட்டா, கஷ்டமான வார்த்தையை விட எளிய வார்த்தைதான் அதிக மார்க்கைக் காலி பண்ணுது. குவாலிஃபை, செக், சாம்பியன், டெம்பர், நாவல், அரெஸ்ட். எல்லாம் தெரியும்னு தாண்டிப் போயிடுவோம்.

கவின்: அதுல என்ன அக்கா இருக்கு?

திவ்யா அக்கா: இதைப் பாரு. "அந்த ஆய்வாளர் தன் முடிவை குவாலிஃபை செய்தார்: இது சிறிய குளங்களுக்கு மட்டுமே பொருந்தும் என்றார்." இங்க பொருள் என்ன?

கவின்: தகுதி பெற்றார்?

திவ்யா அக்கா: "முடிவை"ன்னு செயப்படுபொருள் இருக்கு பாரு, முடிவு எப்படித் தகுதி பெறும்? முக்காற்புள்ளிக்கு அப்புறம் வர்ற "மட்டுமே"தான் விடை. தன் கூற்றுக்கு ஒரு வரம்பு போட்டார். அதே மாதிரி சாம்பியன் வினைச்சொல்லா வந்தா ஒரு கொள்கைக்காக வாதாடுறது. டெம்பர் வினையா வந்தா காரத்தைத் தணிக்கிறது. சாங்ஷன் இன்னும் மோசம், அனுமதின்னும் வரும், தண்டனைத் தடைன்னும் வரும்.

மீனா அத்தை: நம்ம நிகண்டுகள்ல "ஒரு சொல் பல்பொருள்"னு தனித் தொகுதியே வச்சாங்க. அதே மாதிரி உன் நோட்டுலயும் கடைசி 10 பக்கத்தை இதுக்குன்னு ஒதுக்கு கவின். அகராதியில முதல் பொருளோட நிறுத்தாம கடைசி வரைக்கும் படி. எடுத்துக்காட்டு வாக்கியம் இல்லாத அகராதி இந்த வேலைக்கு ஆகாது.

சிவா சித்தப்பா: அப்புறம், ஒரே பொருள் வர்ற சொற்களை ஒரே நாள்ல படிக்காதே. ரெட்டிசன்ட், டாசிடர்ன், லகானிக் மூணையும் "அதிகம் பேசாதவர்"னு சேர்த்துப் படிச்சா மூணும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். ஒண்ணு நிலைச்ச பிறகு, ரெண்டு வாரம் விட்டு அடுத்தது. அதுக்கப்புறம் வித்தியாசத்துக்குன்னு தனி அட்டை: ரெட்டிசன்ட் மனசுல உள்ளதைச் சொல்லத் தயங்குறவர், டாசிடர்ன் இயல்பிலேயே பேச்சு குறைஞ்சவர், லகானிக் சொல்றதைச் சுருக்கமா சொல்றவர்.

கவின்: சில வார்த்தை எத்தனை தடவை பார்த்தாலும் நிக்கவே மாட்டேங்குது சித்தப்பா.

சிவா சித்தப்பா: அதுக்கு ஆங்கியில லீச்னு பேரு. 8 தடவை தப்பினா செயலி தானே அடையாளம் போட்டு வச்சிடும். லீச்னா ரத்தம் உறிஞ்சுற அட்டை. தமிழ்ல அதுக்கும் நீ எழுதுற அட்டைக்கும் ஒரே சொல் பாரு! நேரத்தை உறிஞ்சும். நீ 8 வரைக்கும் காத்திருக்காதே. 4 தடவை தப்பினதும் பழைய அட்டையைக் கிழிச்சிட்டு வேற வாக்கியத்தோட புதுசா எழுது. தப்பு பெரும்பாலும் உன் ஞாபகத்துல இல்ல, வாக்கியம் மொட்டையா இருக்கும்.

கவின் அம்மா: வாசிப்பு? நான் வாசின்னு சொன்னா எதை வாசிக்கிறதுங்கிறான்.

மீனா அத்தை: தினம் 25 நிமிஷம் அண்ணி. அறிவியல், வரலாறு, கலை விமர்சனம் மாறி மாறி. கதை மட்டும் போதாது, வாதம் பண்ற கட்டுரை வேணும். 100 வார்த்தைக்கு 2, 3 புதுசு இருந்தா சரியான மட்டம். 7, 8 வந்தா ஊகிக்கவே பிடிமானம் இருக்காது, எளிமையானதுக்கு இறங்கிடணும். வாசிக்கும்போதே அகராதியைத் திறக்கக் கூடாது. பென்சில்ல கோடு மட்டும் போட்டு, ஓரத்துல ஊகத்தை எழுதணும். முடிச்சிட்டு 3, 4 சொல்லை மட்டும் தேடிப் பார்த்து அட்டையாக்கணும். அன்னிக்கு 10-ல அதுவும் அடக்கம்.

திவ்யா அக்கா: தேர்வுல பதில் போடுற முறையையும் இப்பவே பழகிடு. விடைகளைக் கையால மறை. பத்தியைப் படிச்சு அந்த இடத்துல நீயே ஒரு சொல் போடு, தமிழ்ச் சொல்லா இருந்தாலும் பரவால்ல. அப்புறம் கையை எடுத்து அதுக்குக் கிட்ட இருக்கிறதைத் தேடு. முதல்லயே விடைகளைப் பார்த்தா நாலுமே பொருந்துற மாதிரி தெரியும். ஆல்தோ, ரேதர் தன், ஹார்ட்லி, ஃபார் ஃப்ரம் இதுக்கெல்லாம் வட்டம் போடு, இதுங்கதான் பொருளைத் தலைகீழாக்கும்.

கவின்: 90 நாள் இருக்கு. அப்போ மொத்தம் 900?

சிவா சித்தப்பா: இல்ல, 700. கடைசி 20 நாள் புது வார்த்தையே வேண்டாம். அப்போ சேர்க்கிறது 35-ஆம் நாள் சுத்தைப் பார்க்கவே பார்க்காது, பெரும்பாலானது 16-ஆம் நாள் சுத்தையும் பார்க்காது. பழசை நிலைப்படுத்து, மாதிரித் தேர்வு எழுது.

கவின்: சரி, முதல் அட்டை போட்டிருக்கேன், பாருங்க அத்தை.
முன்: "அவள் தோல்வியைக் கண்டும் ரெசொல்யூட்டாக இருந்தாள்."
பின்: பிடிவாதம்.

மீனா அத்தை: வாக்கியம் நல்லா இருக்கு, "கண்டும்"னு தடயம் வச்சிருக்கே. பின்பக்கம்தான் தப்பு. பிடிவாதம் ஸ்டபர்னுக்கு எழுது, அதுல குறை சொல்ற தொனி உண்டு. இதுக்கு "மன உறுதி, அசையாத முடிவு, தொனி நல்லது"ன்னு மாத்து. கூட வர்ற சொல்னு ரெசொல்யூட் ஆப்போசிஷன் எழுது. "ஸ்டபர்னோட குழப்பாதே"ன்னு கீழே ஒரு வரி.

கவின்: மாத்திட்டேன் அத்தை. மிச்சம் 9-ஐயும் ராத்திரிக்குள்ள போடுறேன்.

மீனா அத்தை: போட்டுட்டு நாளைக்குக் காலைல அட்டையைத் திறக்கிறதுக்கு முன்னாடி, பத்தையும் ஒரு வெத்துத் தாள்ல ஞாபகத்துலேருந்து எழுதிப் பாரு. எது வரலைன்னு இங்க சொல்லு, அந்த வாக்கியங்களைச் சேர்ந்து திருத்தலாம்.